எந்த ஏழாம் நம்பர்?

போன வருசம், ஹட்டன் டவுன்ல ஒரு மாடியில ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்கு நுண்ணறிவு வகுப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. "மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துக்க. இதுல சொல்லாமலே உண்மைன்னு எடுத்துக்கிட்ட எடுகோள் எது?"ன்னு சார் கேட்டாரு. குடையில ஓட்டை இல்லங்கிறதுதான்னு நான் முணுமுணுக்க, பக்கத்துல இருந்த கூட்டாளி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவளும் எங்க தேயிலைத் தோட்டந்தான். தோட்டத்தைப் பிரிச்சதுல நான் கீழ் டிவிசன், அவ மேல் டிவிசன்.

அந்நேரம் எங்க லயத்து வீட்டு வரிசையில பக்கத்துக் காம்பரா அக்கா போன் பண்ணுனாங்க. "ஏழாம் நம்பர் மலையில குளவி கொட்டிருச்சாம். ஆளுங்கள லொறியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. உங்கம்மா இன்னைக்கு அங்கதானே?"

காலையிலதான் அம்மா, ஏழாம் நம்பர் மலையில கொழுந்து பறிக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. மலைக்குப் போன் கொண்டு போற பழக்கமும் அவங்களுக்கு இல்ல. எங்கம்மாவுக்குக் குளவி கொட்டிருச்சுன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சேன். கூட்டாளி தண்ணிப் போத்தலைக் கையில திணிச்சு, "நீ ஓடு, நோட்ஸ நான் எழுதி வைக்கிறேன்"னா.

பஸ்ஸா அது! மலை ரோட்டோட ஒவ்வொரு வளைவு முடக்குலயும் நின்னு நின்னு ஊர்ந்துச்சு. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. குளவி கொட்டுனா உசிரே போயிடும்னு தோட்டத்துல பொறந்தவங்களுக்குச் சொல்லித் தரணுமா? சாமியக் கூப்பிட்டேன், டிரைவரைத் திட்டுனேன், மறுபடி சாமியக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல இறங்குறேன், அதே அக்கா நம்பர்ல இருந்து போன். பேசுனது அம்மா! "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. கொட்டுனது மேல் டிவிசன் ஏழாம் நம்பர்ல." ஒவ்வொரு டிவிசனுக்கும் தனியா ஒரு ஏழாம் நம்பர் மலை இருக்கிறது சின்னப் புள்ளையில இருந்தே எனக்குத் தெரியும். அந்த நேரத்துல மண்டைக்கு எட்டல. அப்பாடான்னு படியிலேயே உக்காந்து அழுதேன்.

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வார்டை எட்டிப் பார்த்தேன். முதல் கட்டில்ல, முகமெல்லாம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாம, மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தாங்க என் கூட்டாளியோட அம்மா.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவ பதறிக் கேட்டா: "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எங்கம்மா நல்லா இருக்காங்க, நீ உடனே ஆஸ்பத்திரிக்கு வா"ன்னேன்.

அவ அம்மா பிழைச்சு வந்துட்டாங்க. ஆனா இன்னைக்கும் யாராச்சும் அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டா, எந்த அம்மான்னு திருப்பிக் கேக்காம என்னால பதில் சொல்ல முடியறதில்ல.