ரப்பர் மூடியைக் கவனித்தவர்

கல்லூரியில் அவருக்கு ஆக்சிஜன் வாத்தியார் என்று பெயர். வேதியியல் கண்டுபிடிப்புகளைப் பற்றி வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் அவர் எடுக்கும் வகுப்புக்கு மற்றத் துறைப் பிள்ளைகளும் வந்து நெருக்கியடித்து உட்காருவார்கள். ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் ஆக்சிஜனை முதலில் பிரித்தெடுத்ததையும், அவருடைய புத்தகம் அச்சாகி வருவதற்குள் பிரீஸ்ட்லி என்ற இன்னொருவர் பேர் வாங்கிவிட்டதையும் வாத்தியார் சொன்னால் கல்லும் கரையும்.

இந்த வருடம் ஒரு மாணவி எழுந்தாள். “சார், ஒருத்தர் கண்டுபிடிச்சதுக்கு இன்னொருத்தர் பேர் வாங்குறது இப்பவும் நடக்குதா?”

“சேச்சே, இப்பல்லாம் எல்லாத்துக்கும் எழுத்துல சாட்சி இருக்கும்மா.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் தானாகப் பின்பக்கம் போனது. அங்கே ஆய்வக உதவியாளர் அக்கா குடுவை கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

இருபத்துமூன்று வருடங்களுக்கு முன், வாத்தியாரின் முனைவர் பட்ட ஆராய்ச்சி இரண்டு வருடமாக முட்டிக்கொண்டு நின்றது. அவர் தயாரித்த சாயம் சில குடுவைகளில் மட்டும் வெளுத்துப்போனது. ஏன் என்று தெரியவில்லை. ஒருநாள் அக்காதான் சொன்னார்: “சார், ரப்பர் மூடி போட்டதுதான் வெளுக்குது. கண்ணாடி மூடி போட்டது அப்படியே இருக்கு.” ரப்பரிலிருந்து கசிந்த கந்தகம்! பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது. நன்றியுரையில் பேராசிரியர், மனைவி, தட்டச்சு செய்தவர் வரை எல்லோரும் இருந்தார்கள். அக்கா இல்லை.

வகுப்பு கலைந்ததும் அவர் தொட்டியருகே போனார்.

“அக்கா, அந்த ரப்பர் மூடி... உங்க பேரை நான் போட்டிருக்கணும்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். “என் பொண்ணு இங்கதான சார் படிச்சா? லைப்ரரில உங்க ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பூரா புரட்டிட்டு வந்து, பேர் இல்லியேம்மான்னா. இருக்கும், நல்லாத் தேடுன்னு திருப்பி அனுப்பினேன். ரெண்டு தடவை.”

அக்கா அடுத்த குடுவையைக் கையில் எடுத்தார்.

“நான் சும்மா பீத்திக்கிட்டேன்னு நினைச்சுட்டா. என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. முடிஞ்சா அவகிட்ட சொல்லுங்க.”

மகள் பேருந்து நிலையத்தருகே மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மறுநாள் மதியம், இருமல் மருந்துக்கு வந்தவர்கள் போகட்டும் என்று அவர் ஓரமாக நின்றார். பிறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் முகம் முதலில் இறுகியது, பிறகு சிவந்தது. “வீட்டுக்கு யாராவது வந்தா, ‘எங்கம்மா பெரிய விஞ்ஞானி’ன்னு கேலி பண்ணுவேன் சார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிக்கும்.” பிறகு ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினாள். “எழுதிக் குடுங்க.”

கரும்பலகையில் முத்து முத்தாக எழுதும் கை, அந்த நான்கு வரியை அடித்து அடித்து எழுதியது. அவள் அதை இரண்டு தரம் வாசித்து மடித்துப் பைக்குள் வைத்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அடுத்து வந்தவரிடம், “என்ன வேணும்?” என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அதே பிள்ளைகளை ஆய்வகத்துக்கு மறுபடி கூப்பிட்டு அவர் தன் கதையைச் சொன்னார். அன்று யாரும் கைதட்டவில்லை. அக்கா விடுப்பு எடுத்திருந்தார்.