ஒன்பதாம் நிலையில் உட்கார்ந்துவிட்டேன்

நம் பங்கு மக்களே, உங்களைச் சிரிக்க வைக்க அல்ல, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன தவக்காலத்து மூன்றாம் வெள்ளி, காலை ஒன்பதரை மணி. நான் சாகப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன். இடம், செங்கல்பட்டுக்குப் பக்கத்து மலை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பாதையில் இருக்கிற சின்ன மலைதான். கேளம்பாக்கத்திலிருந்து வேன் வைத்துப் போயிருந்தோம். சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் செபித்து, உச்சியில் சிலுவையைத் தொட்ட பிறகுதான் கஞ்சி. அதுவரை உபவாசம். நானும் பக்தியோடு இருந்தேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் மறக்காமல் போட்டுக்கொண்டேன். மாத்திரை சாப்பாட்டில் சேராதே. ஐம்பத்திரண்டு வயதில் அவ்வளவு அறிவு.

ஆறாம் நிலையில் கை நடுங்கியது. எட்டாம் நிலையில் சட்டை நனைந்து, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஒன்பதாவது, இயேசு மூன்றாம் முறை விழுகிற நிலை. அங்கே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

“ஸ்டெல்லா, எனக்கு மயக்கம் வருது” என்றேன் மனைவியிடம்.

“வந்தா உக்கார வச்சுப் பேசிகினு இரு. நாங்க மேல போறோம்.”

பின்னால் வந்த அந்தோணி, “அண்ணாத்த ஆரம்பிச்சிட்டாரு. போன வருசம் நெஞ்சு வலின்னு படுத்தவரு, கஞ்சி வந்ததும் எழுந்து ரெண்டு டம்ளர் குடிச்சாரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானே பழக்கி வைத்த சிரிப்பு. யாரைக் குறை சொல்ல?

பாட்டுச் சத்தம் மேலே போய்விட்டது. கூப்பிட நாக்கு எழவில்லை. என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று மனசு பட்டியல் போட்டது. மகளின் முகம் வந்ததும் பட்டியல் நின்றது. “ஆண்டவரே, இது விளையாட்டு இல்ல. ஒருத்தராவது என்னை நம்பணும்” என்று அழுதேன்.

அப்போது ஸ்டெல்லாவின் தம்பி பிரகாஷ், கஞ்சிப் பாத்திரத்தோடு கடைசி ஆளாக ஏறி வந்தான். என் ஜோக் எதற்கும் இதுவரை சிரிக்காதவன். அதற்காகவே அவனை நான் கிண்டல் செய்யாத விசேஷம் இல்லை.

“இன்னா மாமா, இப்டி வேத்துகினு கீது? மாத்தர போட்டியா? இன்னா துன்ன?”

“உச்சிக்குப் போய்...”

“மொதல்ல வாயத் தொற.”

கஞ்சிக்கு வைத்திருந்த வெல்லத்தைத் திணித்தான். உபவாசம் போச்சே என்று அப்போதும் எனக்கு ஒரு கவலை.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அவன் தோளைப் பிடித்து உச்சிக்குப் போனேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது.

இப்போது சாப்பிடாமல் மாத்திரை போடுவதில்லை. உடம்பை வைத்து விளையாடுவதையும் விட்டுவிட்டேன். மற்ற விளையாட்டுகளுக்கு ஆண்டவர் இதுவரை தடை சொல்லவில்லை. என்னை யாரும் நம்பாத நேரத்தில் அவர் நம்பினார். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வந்தால் தயங்காமல் கேளுங்கள், உதவி வரும். உங்களுக்குப் பிடித்த ஆளைத்தான் அனுப்புவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.