நாற்பத்தொரு நோட்டுகள்

அவளுக்கு வேறு பெயர் உண்டு. சம்பளப் பதிவேட்டைத் தவிர அது எங்கும் வழங்குவதில்லை. பத்தொன்பது வருடமாகப் பள்ளியின் தண்டவாளத் துண்டைக் கம்பியால் தட்டி மணி அடிப்பவள் என்பதால் பிள்ளைகளுக்கு அவள் மணியக்கா. ஆசிரியர்களுக்கு வெறும் ‘ஏம்மா’. சுற்றறிக்கை கொண்டுபோவது, வாந்தியெடுக்கும் பிள்ளையின் தலையைப் பிடிப்பது என்று யாரும் தொடாத வேலையெல்லாம் அவள் தலையில்தான் விடியும்.

அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வாசலில் பலூன் வளைவு. ‘வருக வருக’ என்று ஆளுயர எழுத்து. தலைமை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் காகிதப் பூ கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை பலூனையும் ஊதியவள் மணியக்காதான். அந்த வாய்வலி வேறு. ஆனால் எட்டாம் வகுப்பு வரிசையில் ஒரு பிள்ளை இல்லை.

சென்ற பருவத்தில் அலுவலகச் சுவரில் புகார்ப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாரும் தேட மாட்டோம் என்று அறிவிப்பும் செய்தார்கள். சாவி மணியக்காவிடம். ஒரு மாதம் மிட்டாய்த் தாளைத் தவிர எதுவும் விழவில்லை. பிறகு, எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் ‘வக்கீல்’ என்று பேர் வாங்கிய எட்டாம் வகுப்புப் பெண் மடித்த சீட்டோடு வந்து நின்றாள்.

“மணியக்கா, நிஜமாவே கண்டுபிடிக்க மாட்டாங்களா?”

“சாவி என் இடுப்புலதானே இருக்கு? நான் இருக்கேன், போடு கண்ணு.”

பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஏழு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்க ஆள் கிடைக்காதவர்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. சீட்டில் இருந்தது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை ராஜ்ஜியமா கேட்டது? ஒரு தாழ்ப்பாள்! பெட்டியைத் திறந்த நாளில் மேலதிகாரி ஒருவர் வந்திருந்ததும், சீட்டை வாங்கி எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்ததும்தான் கெட்ட நேரம். தலைமை ஆசிரியையின் முகம் தொங்கிப்போனது.

மறுவாரம், “எட்டாம் வகுப்பு நோட்டையெல்லாம் எடுத்துட்டு வாம்மா” என்றார். திருத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்து மணியக்கா நாற்பத்தொரு நோட்டையும் இரண்டு நடையாகச் சுமந்துவந்து வைத்தாள். போதாக்குறைக்கு, அடுக்கு சரியாமல் கையால் தாங்கியும் நின்றாள். தலைமை ஆசிரியை மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, ஒவ்வொரு நோட்டோடும் வைத்துக் கையெழுத்தை ஒப்பிட ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. லீவுக்கு முந்தின நாள் காலைக் கூட்டத்தில், பள்ளியின் பெயரைக் கெடுத்ததற்காக வக்கீல் மைக்கில் மன்னிப்புக் கேட்டாள். மணியக்கா வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் தன்மீதே அவளுக்கு ஆத்திரம் பொங்கும்.

இப்போது அதே மைக்கில் தலைமை ஆசிரியை, “இது நம்பிக்கை வருஷம். எதுவானாலும் பயப்படாம எழுதிப் போடுங்க” என்றார். பெட்டிக்குப் புதிதாக ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஜிகினா ஒட்ட ஆள் இருந்தது. நாலு ஸ்க்ரூ முடுக்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் பெட்டியைக் கண்டதும் ஒதுங்கிப் போனார்கள்.

அன்று சாயங்காலமே மணியக்கா வக்கீல் வீட்டுக்குப் போனாள். பத்து நாள் வராவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். அம்மாக்காரி அதுவரைகூடக் காத்திருப்பதாக இல்லை. தான் வேலை செய்யும் தையல் பட்டறைக்கே, நூல் வெட்ட, மகளைத் திங்கட்கிழமை முதல் கூட்டிப்போகப் போகிறாளாம்.

“பூவெல்லாம் குடுத்தாங்களாமே? எங்களுக்கு வேண்டாம்மா. பட்டறையில யாரும் மைக் வச்சு அவமானப்படுத்த மாட்டாங்க” என்றாள்.

வக்கீல் நிமிராமலே கேட்டாள். “என் நோட்ட யாருக்கா எடுத்துட்டுப் போய்க் குடுத்தது?”

“நான்தான் கண்ணு.”

“தெரியும். ஜன்னல் வழியா பாத்தேன். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.” பிறகு நிமிர்ந்து, “மைக்குலதானே என்னைக் கேக்க வச்சாங்க? மைக்குலயே தப்பு எங்களுதுன்னு சொல்லட்டும். வரேன்” என்றாள்.

“நாளைக்குக் காலையில வாசல் வரைக்கும் வா. அங்கயே நின்னு கேளு” என்று சொல்லிவிட்டு வந்தாள் மணியக்கா.

விஷயம் தெரிந்த புருஷன், “உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்காத” என்றான்.

“ஒரு நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருந்து பாரு. அப்புறம் வந்து புத்தி சொல்லு.”

காலையில் முதல் வேலையாகத் தலைமை ஆசிரியையிடம் கேட்டாள். “நானா? அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயா? யார்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?” என்று அவர் எரிந்து விழுந்தார். சரி என்று மணியக்கா வெளியே வந்தாள். கூட்டம் முடியும் நேரத்தில் நேராக மைக்கிடம் போனாள். தினமும் அதைத் துடைத்து வைப்பவள், பேசியது அன்றுதான்.

“புள்ளைங்களா, யாரும் தேட மாட்டாங்கன்னு வாக்கு குடுத்தவ நான். நோட்டத் தூக்கிட்டுப் போய்க் குடுத்தவளும் நான். சீட்டு எழுதுன புள்ளமேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்களோடது. என்ன மன்னிச்சிடுங்க.”

ஒலிபெருக்கி தெருமுனை வரை கேட்கும்.

“போதும் நிறுத்து! போய் மணி அடி!” என்று கத்தினார் தலைமை ஆசிரியை.

“தாழ்ப்பாள் மாட்டினதும் அடிக்கிறேன் மேடம்.”

கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மணி அடிக்காமல் ஒருவரும் வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது தலைமை ஆசிரியையே போட்ட சட்டம். பள்ளி மொத்தமும் வெயிலில் நின்றது. பிள்ளைகளில் ஒன்றுகூட முணுமுணுக்கவில்லை. கடைசியில் கணக்கு வாத்தியார் யாரையும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் திறந்துவிட்டுப் போன கேட்டில் வக்கீல் நின்றிருந்தாள், முதுகில் பையோடு. பின்னால் அம்மா.

“மணியக்கா, நான் லேட்டு. முட்டி போடணுமா?”

“மணியே இன்னும் அடிக்கல. யாரு லேட்டு? போய் வரிசையில நில்லு.”