மகாலிங்கத்துக்குப் பிடித்த சாப்பாடு

வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. 1994 ஜூலை. சிட்னியில் ஏறும்போது வெயில். ஆக்லாந்தில் இறங்கினால் வானம் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. மழை பெய்யவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நான் உலகத்தை வாயால் சுற்றுகிறவன். அந்தந்த ஊர்க்காரர்கள் ஆசையாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுப் பார்த்து ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவேன். பத்திரிகை கொடுப்பது என் வயிற்று மாத்திரைக்குச் சரியாகப் போகும். நியூசிலாந்தில் என் இலக்கு ஹாங்கி. மண்ணில் குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, அதன்மேல் இறைச்சியும் கிழங்கும் வைத்து மூடி மவோரி மக்கள் வேகவைக்கும் விருந்து. “மண்வாசனை நாவில் ஏறியது” என்ற முதல் வரியைச் சிட்னியிலேயே எழுதிவிட்டேன். சாப்பிடாமலே.

விமான நிலையத்தில் கணேசலிங்கம் நின்றான். யாழ்ப்பாணத்துக்காரன். மதராஸில் படித்தபோது நாலு வருடம் என் அறைத் தோழன். பதினைந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன், முகம் இப்படியா தொங்கும்?

“டேய் கணேசா, என்ன மூஞ்சி இது? வீட்டில் யாராவது செத்துட்டாங்களா?”

“ஓமடா,” என்றான். “அண்ணை.”

அவனுடைய மூத்தவர் மகாலிங்கம் போன வெள்ளிக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். நான் சிட்னியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்ததால் செய்தி எட்டவில்லை. கிளென்ஃபீல்டிலுள்ள அவன் வீடு வரை முப்பது கிலோமீட்டர் வழிப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஆக்லாந்து ஹார்பர் பாலத்தில் ஏறும்போது கீழே கடல் ஈயப் பாத்திரம் மாதிரிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. அன்று எட்டுச் செலவு. இறந்த எட்டாம் நாள், போனவருக்கு உயிராயிருந்த சாப்பாட்டையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது யாழ்ப்பாண வழக்கம். அதுவரை வீட்டில் மரக்கறிதான். அன்றைக்கு அவர் மீன் தின்றவரென்றால் மீன், இறைச்சியென்றால் இறைச்சி. தீராத ஆசையோடு அனுப்பக்கூடாது என்பதுதான் கணக்கு.

கணேசன் காலையிலிருந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணைக்கு நண்டுக் குழம்பெண்டா உயிர். ஊரிலை சட்டியோட எடுத்து வைச்சுத் தின்பார்.”

“அது எப்போ?” என்றேன்.

“அவருக்கு ஒரு பத்தொன்பது வயசிருக்கும்.”

“இறக்கும்போது?”

“நாற்பத்தெட்டு.” கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். “மூண்டு வருசமா நாங்கள் கதைக்கேல்லையடா. மகன்ர பிறந்தநாளுக்கு வேலை உடுப்போட, எண்ணெயும் கிரீஸுமா வந்து நிண்டார். ஆக்களெல்லாம் இருக்கினம், போய் மாத்திக்கொண்டு வாங்கோ எண்டனான். போனவர் வரேல்லை. இண்டைக்கு இதையாவது பிழையில்லாமல் செய்யவேணும்.”

இந்த நாட்டுக்கு அவனை ஸ்பான்சர் செய்து கூப்பிட்டதே அந்த அண்ணன்தான்.

பத்து மணிக்கு நண்டு வேட்டை. சாப்பாட்டு நிபுணன் என்பதால் தேர்வு செய்யும் பொறுப்பு எனக்கு. மீன்கடையில் ஒரு நண்டைத் தூக்கி ஆணா பெண்ணா என்று விளக்க ஆரம்பித்தேன். அது என் விரலைப் பிடித்துத் தன் கருத்தைச் சொன்னது. கடைக்காரப் பெண் பிளாஸ்டரும் நண்டும் சேர்த்துக் கொடுத்தாள்.

அங்கிருந்து மவுண்ட் ஆல்பர்ட். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், பழைய மரவீடு ஒன்றின் பின்பக்கத்து அறைகளில் மகாலிங்கம் தனியாக இருந்திருக்கிறார். படைக்க நல்ல படம் ஒன்று எடுக்கப் போனோம். உள்ளே ஈரச் சுவரின் வாடை. சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தல் கல்லாகியிருந்தது. அடுப்பின்மேல் பத்துப் பேருக்குச் சமைக்கிற அளவில் ஒரு பானை, கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் பிடியில் ஒட்டிய தாளில் ‘ஹேமி’ என்று ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண்.

“ஆரின்ரையோ பானை. குடுக்கவேணும்,” என்று கணேசன் அங்கேயே போன் செய்தான். அன்றைய படையலைச் சொன்னதும், ஊரில் இல்லாததால் சாவே தெரியவில்லை என்றும், மாலையில் கிளென்ஃபீல்டுக்குத் தானே வந்து பானையை எடுத்துக்கொள்வதாகவும் அந்தக் குரல் சொன்னது. படத்தோடு பானையையும் காரில் ஏற்றினோம்.

மாலை நாலு மணி. நண்டுக் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. வாசலில் ஒரு மவோரிக்காரர், கதவை அடைக்கிற உருவம், கையில் மூடிபோட்ட சட்டி. ஹேமிதான். மகாலிங்கத்தோடு பஸ் டிப்போவில் பதினோரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படத்துக்கு முன்னால் தலைகுனிந்து தன் மொழியில் நெடுநேரம் ஏதோ பேசினார். பிறகு குழம்பு வாசனையை மூக்கால் இழுத்துப் பார்த்தார்.

“நண்டா? மாக்ஸுக்கு நண்டு ஆகாதே. ஒரு தடவை தின்று உதடு வீங்கி, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.”

அவர்களுக்கு மகாலிங்கம் மாக்ஸ். எங்களுக்கு அது தெரியாது. கணேசன் கரண்டியைப் பிடித்தபடி நின்றான்.

“அப்ப என்ன பிடிக்கும் அவருக்கு?”

ஹேமி சட்டியைத் திறந்தார். ஓடையோரத்துக் கீரை, உருளைக்கிழங்கு, மாவு உருண்டை, எல்லாவற்றுக்கும் நடுவே பன்றி எலும்பு. இதன் பெயர் ‘பாயில் அப்’ என்றார். மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. “வியாழக்கிழமைதோறும் எங்கள் வீட்டில். இரண்டு தட்டு. எலும்பையும் விடமாட்டான்.”

நான் நேரங்காலம் தெரியாமல் ஹாங்கி கிடைக்குமா என்று கேட்டேன். ஹேமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “இந்த மழையில் யார் குழி தோண்டுவது? நீங்களா?”

கணேசன் மனைவி சிவராணி அவனை ஓரமாக இழுத்தாள். “இஞ்சாருங்கோ, பண்டியையோ? விளக்குக்கு முன்னாலையோ? சனம் என்ன சொல்லும்? அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோவன்.”

என்னிடம் இதுவரை யாரும் தர்மநியாயம் கேட்டதில்லை. விரல் பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டேன்.

“உடுப்பை மாத்தச் சொன்னதுக்கே அவர் மூண்டு வருசம் வரேல்லை,” என்றான் கணேசன். “இப்ப சாப்பாட்டையும் மாத்தச் சொல்லட்டோ?”

நண்டுச் சட்டியை எடுத்துக் கொல்லைப்புறம் வைத்துவிட்டு வந்தான். வாழையிலை இல்லாததால் பெரிய பீங்கான் தட்டு. அதில் இரண்டு தட்டுக்கான அளவு பரிமாறினான். சிவராணி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

படைத்து முடிந்ததும் எல்லோரும் கொஞ்சம் எடுத்தோம். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. கணேசன் அதுவரை பன்றி தொட்டதில்லை. மெதுவாக மென்றான்.

“என்னைப் பற்றி என்ன சொல்லுவார்?” என்று கேட்டான்.

ஹேமி வாயிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தார். “மன்னிக்கணும். அவனுக்குத் தம்பி இருப்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.”

கூரையில் மழை வலுத்தது. கணேசன் பேனா எடுத்து வந்தான். எத்தனை எலும்பு, எவ்வளவு நேரம், கீரையை எப்போது போடுவது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதிக்கொண்டான். வருசம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு வேணும் என்றான். ஹேமி பானையை எடுத்துப்போகவில்லை.

ஞாயிறு, காலை ஆறு மணி. விமான நிலையம். ஹாங்கியைக் கண்ணாலும் பார்க்காமல் கிளம்புகிறேன். பத்திரிகைக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும்.

உட்கார்ந்து யோசித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எட்டுச் செலவு கிடையாது, ஆனால் என் திவசத்துக்கு எனக்குப் பிடித்ததைக் கட்டாயம் செய்வார்கள். வெண்டைக்காய் மோர்க்குழம்பு. கல்யாணமான புதிதில், மனைவி முகத்தைப் பார்த்து, “அமிர்தம்” என்று ஒரு பொய் சொன்னேன். பதினேழு வருடமாகச் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருக்கிறது. உண்மையில் எனக்கு என்ன பிடிக்கும் என்று அவளிடம் சொல்லலாம். அதற்கு முன் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

விமானத்தில் ஏறச் சொல்லி அழைத்தார்கள். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.