குண்டு டிவியும் கேட்கத் தெரியாத மருமகனும்

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பையன்கள், கடைசியாக ஒரு பெண். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் பேனா பிடித்தால் விரல் நோகும். அதனால் நான் சொல்கிறேன், மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சொன்னதை அப்படியே எழுத வேண்டும், அவள் அப்பாவுக்காக எதையும் விட்டுவிடக் கூடாது. ஏனென்றால் இது அவள் அப்பாவைப் பற்றியது.

அவள் அப்பா, அதாவது என் மருமகன், விருதுநகரில் கணக்கு வாத்தியார். தலையில் பாதி முடி போய்விட்டது, மீதி நரைத்துவிட்டது. வீடியோ கேம் சேர்க்கிறார். புதிதாக வந்தது எதையும் தொடமாட்டார். அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் டிவியில் மாட்டி விளையாடிய பெட்டி, அதில் சொருகுகிற கேசட், வயர் அறுந்த ஜாய்ஸ்டிக், இவைதான் அவருக்கு வேண்டும். மதுரையில் பழைய சாமான் விற்கிற இடத்துக்குப் போவார். சாத்தூர் காயலான் கடையில் சட்டை அழுக்காகக் குனிந்து தேடுவார். வாங்கி வந்ததைத் திறந்தால் முதலில் கரப்பான் பூச்சி முட்டைதான் இருக்கும். அதற்கே முகம் மலர்ந்துவிடும்.

கண் ஆபரேசன் செய்துகொண்டு மகள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் இந்த வேலை முழுவதையும் பார்த்தேன். கேசட்டின் பித்தளைப் பல்லை ரப்பர் வைத்துத் தேய்ப்பார், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார், விட்டுப்போன இடத்தில் ஈயம் வைப்பார். வெள்ளையாக இருக்க வேண்டிய பெட்டி மஞ்சள் பூத்திருந்தால் அதற்கு ஒரு வைத்தியம். கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் ஏதோ மருந்தைப் பூசி, மேலே கண்ணாடித் தாள் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடுவார். பட்டாசு செய்கிற எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் கையுறை போட்டு மொட்டை மாடியில் மருந்து காயவைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பக்கத்து வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், லைசென்ஸ் எதுவும் வச்சிருக்கீகளா?" என்று கேட்டே விட்டார்.

நான் பட்டாசுக் கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்தவள். கிட்டே போய் மோந்து பார்த்தேன்.

"மாப்ள, இது எங்க மருந்து இல்லையே?"

"இது புண்ணுக்குப் போடுற மருந்து அத்தை. வெடிக்காது."

"பெட்டிக்குப் புண்ணா?"

"சாயங்காலம் வந்து பாருங்க, எப்படி வெளுத்திருக்குன்னு."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என் மகள் நர்ஸ். "வார்டுல நாள் பூரா மருந்து போட்டுட்டு வீட்டுக்கு வாறேன், இங்கன இவுக பெட்டிக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்காக" என்பாள். அதைச் சொல்லிக்கொண்டே அவர் கேட்ட பஞ்சை எடுத்துக் கொடுப்பாள்.

மருமகனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, கல்யாணம் பேசி முடிக்க எங்கள் விஸ்வநத்தம் வீட்டில் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளையாக வந்தவர் தானே எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணும் வேண்டாம். பொண்ண உடுத்துன சேலையோட அனுப்புங்க. இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும் உங்க வீட்டுல ஒண்ணு கேக்க மாட்டேன்" என்றார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது உண்மை. ஆனால் அன்று தொடங்கிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கல்யாண வீட்டில் உரக்கச் சொல்வார். சாவு வீட்டில் மெதுவாகச் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குப் போன கோடையில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. டிவிப் பெட்டியோடு வயரில் சேருகிற விளையாட்டுத் துப்பாக்கி. திரையில் பறவை பறக்கும், துப்பாக்கியை நீட்டிச் சுட்டால் விழும். "கேப் வெடி போடணுமா மாப்ள, எங்க ஊர்ல நெறையக் கிடைக்கும்" என்றேன். கேப் வேண்டாமாம். அதன் குழலுக்குள் இருக்கும் சின்னக் கண் திரையின் வெளிச்சத்தைப் பார்க்குமாம். அந்தக் கண் போயிருந்தது. எனக்கு ஆபரேசன் முடிந்து வெகுநாள் கழித்து அந்தத் துப்பாக்கிக்கும் கண் சரியானது.

சரியானதும் சும்மா இருந்தாரா? பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் எல்லாருக்கும் போன் போட்டார். சின்ன வயதில் தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் அவர்கள் காசு கொடுத்து இந்தத் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்களாம். இவர் கையில் காசு இருக்காது, வாசலில் நின்று பார்ப்பாராம். "இந்த வருசம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் என் வீட்டுக்கு வாங்கலே. காசு வேண்டாம், ஆசை தீரச் சுடுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். வெளியூரில் இருப்பவர்கள்கூட வருவதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் சுட்டுப் பார்த்தார். வீட்டில் இருந்தது சுவரில் மாட்டுகிற ஒல்லி டிவி. சுட்டார், பறவை பாட்டுக்குப் பறந்து போனது. திரும்பச் சுட்டார், அதுவும் போனது. அந்தக் காலத்துக் குண்டு டிவியின் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குப் புரியுமாம், ஒல்லி டிவியின் வெளிச்சம் புரியாதாம்.

"வாத்து எல்லாம் சிரிச்சுக்கிட்டே போகுது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"அது வாத்தா? கொக்குல்ல. ஆனைக்குட்டம் அணைக்கு வந்து பாருங்க, வாத்து இம்புட்டு ஒசரமா பறக்குது?" என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

குண்டு டிவி தேடி ஊர் ஊராக அலைந்தார். ஒன்றில் படம் வரவில்லை. ஒன்றில் பல்லி குடும்பம் நடத்தியது. மற்றதையெல்லாம் காயலான் கடைக்காரர்கள் செம்புக் கம்பிக்காக உடைத்துப் போட்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்து உயிரோடு இருந்த குண்டு டிவி ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டில் இருந்தது. அரசாங்கம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்தது. தெருவில் எல்லாரும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஓடுகிற பொருளை நான் ஏன் போட வேண்டும்?

மருமகன் அடிக்கடி விஸ்வநத்தம் வர ஆரம்பித்தார். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டே டிவியைப் பார்ப்பார். டிவி ஓடாதபோதும் பார்ப்பார். ஒருநாள் கைக்குட்டையால் அதன் தூசியைத் துடைத்தார்.

"எப்படி இருக்கு அத்தை, டிவி?"

"நான் நல்லாருக்கேன் மாப்ள."

"இல்ல, கலர் எல்லாம் ஒழுங்காத் தெரியுதான்னு கேட்டேன்."

"ஆபரேசனுக்கு அப்புறம் எல்லாம் ஒழுங்காத் தெரியுது. நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னுகூடத் தெரியுது."

காப்பியை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தூக்கிக் கொடுத்திருப்பேன். மாமியார் வீட்டில் ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் அது சீர் கேட்டதாகிவிடும், இத்தனை வருசம் பேசிய பேச்சு போய்விடும் என்று அவருக்கு. கேட்கட்டும் பார்ப்போம் என்று எனக்கு.

அடுத்த தடவை வேறு வழியில் வந்தார். "அத்தை, உங்களுக்கு நல்ல பெரிய ஒல்லி டிவியா வாங்கித் தாறேன். இந்தப் பழசு எதுக்கு, இடத்த அடைச்சுக்கிட்டு?"

"மருமகன் வீட்டுப் பொருளுக்கு மாமியா கை நீட்டுனான்னு ஊரு சிரிக்கும். எனக்கு வேண்டாம்."

இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் யாரோ மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்மஸ் நெருங்கியது. எங்கள் ஊர் பேக்கரியில் கேக் ஆர்டர் சொல்லச் சொல்லி மகள் போன் செய்தாள். குரல் சரியில்லை.

"ஏட்டி, என்ன?"

"துப்பாக்கியத் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டாகம்மா. ரிப்பேர் சரியாகலைன்னு கூட்டாளிக எல்லாருக்கும் சொல்லியாச்சு. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுசன். சொல்லும்போது காதெல்லாம் செவந்து போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சு போச்சு."

"கேக்க மாட்டாக. நீ அத வீம்புன்னு நெனைக்க. அவுக அத உனக்குக் குடுத்த வாக்குன்னு நெனைக்காக. எங்க அப்பா இல்லாத வீட்டுல நின்னு சொன்ன வாக்கு."

போனை வைத்த பிறகு நெடுநேரம் டிவி போடவில்லை.

மறுநாள் ஒரு குட்டி யானை வண்டி பிடித்தேன். கேட்கமாட்டார் என்றால் கேட்காமலே கொடுத்துவிடலாம், கொடுப்பதை முறையாகக் கொடுக்கலாம் என்று தோன்றியது. டிவியைத் துடைத்து மல்லிகைச் சரம் சுற்றினேன். தாம்பாளத்தில் வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு வைத்தேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். விருதுநகர் போய்ச் சேரும்வரை மருமகன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

தெருவே வெளியில் வந்துவிட்டது. மருமகன் கைலியோடு வாசலுக்கு வந்தார், கையில் ஆணி முடுக்குகிற திருப்புளி.

"என்ன அத்தை இது?"

"சீர், மாப்ள. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சீர்னா வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றார், மெதுவாகத்தான்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னால் செய்வார். வாசற்படியில் நின்ற மகள் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. டிரைவர், "எறக்கவா வேண்டாமா? எனக்கு அடுத்த லோடு இருக்கு" என்றார்.

மருமகன் வண்டியருகில் வந்து டிவியின் மேல் கையை வைத்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அத்தை, சீர் எனக்கு வேண்டாம். எனக்கு ஒரு டிவி வேணும். எங்க அம்மா இருந்தா அவுககிட்டக் கேட்டிருப்பேன். இப்ப உங்ககிட்டக் கேக்கேன். குடுப்பீகளா?"

"எறக்குப்பா" என்று டிரைவரிடம் சொன்னேன். பிறகு, "பழத்தையாவது வச்சுக்கிடுங்க மாப்ள, திரும்பக் கொண்டுபோனா நசுங்கிரும்" என்றேன். பழத்தை வாங்கிக்கொண்டார்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் கூட்டாளிகள் வந்தார்கள். எல்லாருக்கும் தொப்பை, சிலருக்குத் தலை வழுக்கை. என் குண்டு டிவிக்கு முன்னால் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "ஏலே, மொதல்ல நீ சுடு. அன்னைக்கு வாசல்ல நின்னவன் நீதானலே" என்று துப்பாக்கியை மருமகன் கையிலேயே கொடுத்தார்கள்.

சுட்டார். பறவை பறந்து போனது. மறுபடி சுட்டார், அதுவும் போனது. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார், வயரைப் பிடித்துப் பார்த்தார். இன்னொருவர் வாங்கிச் சுட்டார், பொத்தென்று விழுந்தது.

"துப்பாக்கி நல்லாருக்கு, டிவி நல்லாருக்கு. மாப்ளதான் ரிப்பேர்" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். பிரியாணி ஆறுகிறது என்று மகள் சத்தம் போட்ட பிறகுதான் மருமகனுக்கு ஒரு பறவை விழுந்தது. அவர் என் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். பார்த்தேன். "விழுந்துருச்சு மாப்ள" என்று இந்தத் தடவை அவரிடமே சொன்னேன்.

பொங்கல் வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிவி அவர் அறையில் இருக்கிறது. ராத்திரி என் சீரியல் நேரத்தில் கதவைத் தட்டி நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் கொடுக்கிறார், ஆட்டம் முடிகிற வரை காக்க வைத்துவிட்டு.

போதும் தாயி, பேனாவைக் கீழே வை. இப்ப மொதல்ல இருந்து வாசிச்சுக் காட்டு, எதை விட்டிருக்கன்னு பாப்போம். கொஞ்சம் சத்தமாவே வாசி, உங்க அப்பா அடுத்த ரூம்லதான் கேசட் தொடைச்சுக்கிட்டு இருக்காக.