நாலு மணிக்கு வாசிக்கிற பக்கம்

கொடைக்கானலில் ஐயா தங்கும் பங்களாவில் இருபது வருடம் சமையல் வேலை பார்த்தேன். ஐயா பெரிய தினசரி ஒன்றின் முதலாளி. சீசனுக்கு மலையேறினால் இரண்டு மாதம் கீழே இறங்கமாட்டார். அவரைப் பார்க்க மந்திரிகளே வராந்தாவில் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். நான் வைத்த காப்பியைக் குடிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கதவுக்குள் தினமும் நாலு மணிக்கு என்னைக் கூப்பிடுவார். மறுநாள் வரப்போகிற முதல் பக்கத்தை ஆபீசிலிருந்து அனுப்பியிருப்பார்கள். அதை என் கையில் கொடுத்து, "வாசிம்மா" என்பார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எந்தச் சொல்லில் திக்குகிறேனோ அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, போன் போட்டு மாற்றச் சொல்வார். கடைசியில், "புரிஞ்சுதா?" என்று கேட்பார்.

"புரிஞ்சுச்சுங்க ஐயா."

பாதி நாள் புரிந்திருக்காது. சொல்ல வெட்கம்.

மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் பேப்பர் வரும்போது நான் திக்கிய இடத்தில் வேறு சொல் இருக்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாறு வருடம் முன்பு ஒருநாள் வெள்ளனே என் தம்பி எங்கள் ஊர் பள்ளங்கியிலிருந்து வந்து சமையல்கட்டு வாசலில் நின்றான். மேலே புது ஓட்டல் கட்டியவர் எங்கள் ஓடையில் குழாய் போட்டுவிட்டார். பூண்டுக்குத் தண்ணீர் இல்லை.

"நாங்க ஒத்துக்கிட்டோம்னு பேப்பர்ல வரப்போகுதாம்க்கா. அந்த ஆளே சொல்லிட்டுப் போறாரு. பேப்பர்ல வந்துட்டா தாசில்தார் நம்ம பேச்சைக் கேப்பாரா? நீ ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"நானா? போடா. அந்த ஓட்டல்காரரு போன வாரம் இங்கதான் ஐயாவோட உக்காந்து சாப்பிட்டாரு."

"இத்தனை வருசமா காப்பி போட்டுக் குடுக்கிற. ஒரு வார்த்தை பேச மாட்டியா?"

"காப்பி குடுக்கப் பேச வேண்டியதில்லையேப்பா."

அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

நாலு மணிக்குப் பக்கம் வந்தது. மந்திரி ஓட்டலைத் திறந்துவைத்த செய்தி. நடுவில் ஒரு வரி: பள்ளங்கி விவசாயிகளின் முழு ஒப்புதலுடன் ஓடை நீர் விடுதிக்கு வழங்கப்படுகிறது. ஒரு இடத்திலும் திக்காமல் வாசித்து முடித்தேன். ஐயா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரியலைங்க ஐயா."

"எந்த வார்த்தை?"

"ஒப்புதல்னு போட்டிருக்குங்க. யாரு ஒப்புக்கிட்டாங்கன்னு புரியலைங்க."

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் போனை எடுப்பது கேட்டது.

"அந்த வரியைத் தூக்கு. ஊருக்குள்ள போயி யாராவது கேட்டீங்களா? நாளைக்கு ஆளை அனுப்பிக் கேட்டு எழுது."

ஆள் வந்தார், பூண்டு வரப்பில் நின்று கேட்டு எழுதினார். அது பேப்பரில் வந்த பிறகு தாசில்தாரும் வந்தார். குழாயைப் பிடுங்கவில்லை, பாதித் தண்ணீரை ஊருக்கு விடச் சொன்னார். அந்தப் பாதியில்தான் இன்றைக்கும் பூண்டு விளைகிறது.

ஆனால் அதற்குப் பிறகு ஐயா என்னை வாசிக்கக் கூப்பிடவே இல்லை. கோபமா, வெட்கமா, தெரியாது. காப்பியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

போன வருடம் அவர் காலமானார். பேப்பர் முழுக்கப் பெரியவர்கள் அவரைப் புகழ்ந்திருந்தார்கள். பொய்யில்லை, ஒரு போனில் ஒரு ஊரின் தண்ணீரைத் திருப்பியவர்தான். அந்த வரி எங்கள் ஊரைப் பற்றியதாக இருந்ததால் அது தப்பென்று எனக்குத் தெரிந்தது. மற்ற நாட்களில், மற்ற ஊர்களைப் பற்றி, புரியாமலே "புரிஞ்சுச்சுங்க ஐயா" என்று எத்தனை வரிகளை நான் அனுப்பிவைத்தேனோ. இப்போதெல்லாம் பேப்பரில் 'ஒப்புதலுடன்' என்று வந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.