கஜேந்திரனின் மீதி இரண்டு அழைப்புகள்

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும். கஜேந்திரனைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். ஊர் மீனவர் சங்கக் கட்டடத்தில் அவன் படத்தைத் திறந்து வைத்தபோதும் போகவில்லை. இப்போது குப்பத்தில் அவனைப் பேய் என்கிறார்கள். அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிய அதே ஆட்கள்தான். எனக்கும் அவனுக்கும் சண்டை இருந்தது, இன்னும் இருக்கிறது. அது எங்கள் இருவருக்கும் சொந்தமான சண்டை. இந்தப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அவன் போன செய்தி எனக்கு அலுவலகக் குழுவில்தான் வந்தது. மாலை போட்ட படம் ஒன்றை யாரோ பகிர்ந்திருந்தார். கீழே புதிதாகச் சேர்ந்த ஒருவர், "சார், இவரும் பழவேற்காடு பக்கம் போலிருக்கே, உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டிருந்தார். "தெரியும்" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். ஒரே தெருவில் வளர்ந்தோம். திருப்பாலைவனம் வழியாகப் போகும் பேருந்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனோம். சென்னையில் ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதினோம். மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் பெட்டியைக் கூட்ட வந்தவர்தான் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை வளைக்க முடியாது. தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பத்துக்கு ஒன்றாக, சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உங்கள் பாடு வரும் நாளில் நீங்கள் போகாவிட்டால் அது போனதுதான். முறை சுற்றி மறுபடி உங்களிடம் வரும்வரை மற்றவர்கள் பிடிக்கும் இறாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அன்றைய பாடு உள்ளவரை விடியுமுன் தெருவில் நின்று பேர் சொல்லி எழுப்புவார்கள். மூன்று தரம் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு தரம் கூப்பிட்டு நின்றுவிடும் குரலுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். அது உயிரோடு இருப்பவர் குரல் இல்லை என்பார்கள்.

"என்னை எழுப்பவே இல்ல" என்று ஒருவரும், "எழுப்பினேன், நீ எழுந்திருக்கல" என்று இன்னொருவரும் கட்டிப்புரண்ட பிறகுதான், எழுப்புகிற வேலைக்கு ஒரு செயலி செய்யச் சொல்லிச் சங்கத்தார் எங்கள் இருவரையும் கேட்டார்கள். சங்கக் கணினியில் முறையை ஏற்ற வேண்டும். இரண்டு வகைப் போன்களிலும் அது கூப்பிட வேண்டும். எங்கள் சண்டை அங்கேதான் தொடங்கியது.

நான் ஒவ்வொன்றுக்கும் அதனதன் சொந்த மொழியில் தனித்தனியாக எழுதலாம் என்றேன். ஒரே நிரலை மூன்று இடத்திலும் ஓட்டும் ஃப்ரேம்வொர்க் ஒன்றை அவன் பிடித்து வைத்திருந்தான். படகுத்துறைப் பக்கத்து டீக்கடையில் நடந்த பேச்சு அப்படியே நினைவிருக்கிறது.

"உன் வழியில மூணு தபா எழுதணும். மூணு தபா தப்பு பண்ணணும்" என்றான்.

"உன் வழியில ஒரு தபா தப்பு பண்ணா மூணு இடத்துலயும் தப்பு."

"அப்போ திருத்துறதும் ஒரு தபாதானே மச்சான்?"

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டியல் காட்டுவது, முறை கணக்கிடுவது போன்ற வேலைகளுக்கு எந்த ஃப்ரேம்வொர்க்கும் போதும். தூங்குகிற போனை விடியற்காலையில் எழுப்புவது வேறு வகை வேலை. போனின் அடிமடியில் கை வைக்க வேண்டும். நடுவில் தரகர் வைத்துக்கொண்டு அதைச் செய்தால், போனை உருவாக்குகிறவர்கள் ஒவ்வொரு முறை விதியை மாற்றும்போதும் இந்தத் தரகர் மாறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். இதைச் சொன்னேன். போதாததற்கு, அவனுடைய சோதனைச் செயலி முதல் தரம் கூப்பிட்டதோடு ஓய்ந்துபோவதையும் காட்டினேன். அவன் ஒரு வாரம் உட்கார்ந்து, யாரோ முகம் தெரியாதவர் எழுதிப் பொதுவில் வைத்திருந்த துணை நிரல் ஒன்றை ஒட்டி, மூன்று தரமும் கூப்பிட வைத்தான்.

"அந்த ஆளு நாளைக்கு இத விட்டுட்டுப் போயிட்டா?" என்று கேட்டேன்.

"நான் இருக்கேன்ல" என்றான்.

சங்கத்துக் கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னான். "ரெண்டு பேருல ஒருத்தன் கழண்டுக்கினா மத்தவன் ஒண்டியா இழுக்கணும். அதுக்கு ஒரே புரோகிராம்தான் தோது." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெளிநாட்டுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தது ஊருக்கே தெரியும். நான் எழுந்து வெளியே வந்தேன். அதன்பிறகு அந்தச் செயலியில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. வெளியீட்டு விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "எனக்கு உதவியா இருந்த நண்பர்" என்று மேடையிலிருந்து என்னைக் கை காட்டினான். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனான் என்பதற்காக இப்போது மன்னிக்கப்போவதும் இல்லை.

ஆனால் குரல் விஷயத்தில் அவன் செய்தது எனக்குத் தோன்றியிருக்காது. அறைக்குள் பதிவு செய்தபோது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று அழித்துவிட்டான். போனை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், காற்றுக்கு எதிராக நின்று, பாடு உள்ள ஒவ்வொருவர் பேரையும் கத்திப் பதிவு செய்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த ஏழுமலை, தன் பேர் வந்ததும் தலையைத் தூக்கினார்.

"இன்னாடா, போலீஸ்காரன் மாதிரி கூப்பிடறே?"

"அப்பத்தான் நீ எழுந்து ஓடுவே."

அந்த ஒரு கத்தலை எடுத்து, இடைவெளி விட்டு மூன்று தரம் ஒலிக்க வைத்தான். முதல் அழைப்பைப் போனே நேரம் பார்த்து எழுப்பும். இரண்டாவதையும் மூன்றாவதையும், ஆள் எழுந்தாரா இல்லையா என்று பார்த்து, அவன் எழுதிய நிரல் எழுப்பும்.

அவன் போய்ச் சில வாரங்கள் கழித்து, போன்களுக்குப் புதிய பதிப்பு வந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் நிரல்களை அது இரக்கமில்லாமல் நிறுத்தும். ஒரு விடியற்காலையில் ஏழுமலையின் தலைமாட்டில் இருந்த போன், கஜேந்திரன் குரலில், "ஏழுமல!" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஏழுமலை எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். விடிந்தபோது பாடு போயிருந்தது. பின்னால் நான் கேட்டபோது அவர் என் மேலேயே பாய்ந்தார். "செத்து கருமாதி முடிஞ்சவன், பேர சொல்லி ஒரு தபா கூப்ட்டு கம்முனு ஆயிட்டா, நீயா இருந்தா எழுந்து போவியா நைனா? படிச்சவனாச்சே, சொல்லு!"



அடுத்தடுத்த நாள்களில் வேறு வீடுகளிலும் இதுவே நடந்தது. அவன் ரயிலில் போனவன், ஊருக்கு வந்து சேராதவன், அதனால்தான் கூப்பிடுகிறான் என்று பேச்சு பரவியது. அமாவாசைக்குள் நிற்காவிட்டால் எல்லார் போனிலிருந்தும் செயலியை அழித்துவிட்டு, மந்திரிக்கிற ஆளை வரவழைத்து அவன் வீட்டு வாசலில் கட்டுக் கட்டிவிடுவது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவு செய்தார்கள். அந்த வீட்டில் இருப்பது அவன் மனைவி லோகேஸ்வரி.

லோகு எனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

"அண்ணே, மீன் கூடை தூக்கிக்கினு போறவங்ககூட எங்க தெருவ விட்டு அந்தாண்ட சுத்திப் போறாங்க. குழாயடியில நான் போய் நின்னா குடத்த எடுத்துக்கினு போயிடறாங்க. வாசல்ல எலுமிச்சம்பழம் வெச்சுக் கட்டுவாங்களாம். அப்புறம் நான் எப்படிண்ணே அந்த வாசல்ல நடப்பேன்?"

இந்த வாரம் வேலை இருக்கிறது என்றேன்.

"நீங்க அவர்கூடப் பேசாததெல்லாம் எனக்குத் தெரியும். இப்பவும் பேச வாணாம். மீதி ரெண்டு தரத்தக் கூப்பிட வைங்க, போதும்."

சனிக்கிழமை போனேன். அவனுடைய மடிக்கணினியைக் கூடத்தில் வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். குறை தேடும் கண்ணோடுதான் திறந்தேன். நான் எச்சரித்த கோளாறுகள் ஒவ்வொன்றும் வந்திருந்தன. அந்தத் துணை நிரலை எழுதியவர் எப்போதோ அதைக் கைவிட்டிருந்தார். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் கஜேந்திரன் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து ஒட்டுப் போட்டு ஓட்டியிருக்கிறான். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

செயலி எழுதுகிற நண்பர்களே, ஃப்ரேம்வொர்க் தேர்ந்தெடுக்கும்போது வேகம் பார்க்கிறோம், அளவு பார்க்கிறோம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிறோம். எழுதியவன் இல்லாத வருடத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதில்லை. அந்த ஃப்ரேம்வொர்க்கில் இல்லாத ஒரு பாகத்தின் இடத்தில் இவன் நின்றிருந்தான். இவன் நகர்ந்ததும் ஓட்டை தெரிந்தது. அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். வேறொருவர் எழுதிய நிரலுக்குள் அவ்வளவு சுலபமாக நான் எப்போதும் நடந்ததில்லை. ஒண்டியாக இழுக்கும் ஒருவனுக்கென்றே எழுதப்பட்டிருந்தது. மற்றதையெல்லாம் அவன் வைத்தபடியே விட்டேன். எழுப்புகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, போன்களின் சொந்த மொழியில் நான் எழுதினேன்.

எழுதுவதைவிடச் சோதிப்பதுதான் கொடுமையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவனைக் கூப்பிட வைக்க வேண்டும். "ஏழுமல!" என்று அந்தக் கூடத்தில் குரல் எழும்போதெல்லாம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். நான் காதில் மாட்டும் இயர்போனைத் தேடி எடுத்தேன்.

"காதுல மாட்டாதீங்கண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெளியவே கேக்கட்டும்."

மாலை வெளிச்சம் போவதற்குள் பூட்டி வைத்த போன் மூன்று தரமும் கூப்பிட்டது. திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்த்தேன், தவறவில்லை. நான் சொன்னது சரி. இத்தனை வருடமாக எந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. ஒப்புக்கொள்ள ஆள் இல்லை. அவன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கணினியிலிருந்து போன் போனாக ஏற்றினோம். பாதிப் பேர் போனை என் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். திங்கட்கிழமை பாடு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இழந்த நாளுக்கு ஈடாகத் தன் தம்பியின் முறையை வாங்கியிருந்தார் ஏழுமலை.

அன்று விடியுமுன் நானும் லோகுவும் அவள் வீட்டு வாசலில் நின்றோம். காற்றில்லை. நாலு வீடு தள்ளி அந்தக் குரல் கூப்பிட்டது. தெருவில் எந்த விளக்கும் எரியவில்லை. எத்தனையோ வீடுகளில் எல்லோரும் விழித்துப் படுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. லோகு தூணைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தரம் கூப்பிட்டது. யாரோ கதவுக்குப் பின்னால் இருமினார். மூன்றாவது தரம் கூப்பிட்டதும் ஏழுமலை வீட்டு விளக்கு எரிந்தது.

"வரேன்டா கஜா! தொண்டைய கிழிச்சிக்காத! வரேன்!"

அவர் தாழ்ப்பாளைத் திறந்து, எங்களைப் பார்க்காதவர் போலத் துறைப்பக்கம் நடந்தார். லோகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அமாவாசை வந்து போயிற்று. அவள் வாசலில் யாரும் எதையும் கட்டவில்லை.

கஜேந்திரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒலிப்பதிவுகளுக்கிடையில், செயலியில் சேர்க்கப்படாத ஒரு பேரும் இருந்தது. எங்கள் குடும்பத்துப் பாட்டை என் தம்பிதான் அனுபவிக்கிறான், அவன் பேர்தான் பட்டியலில் உண்டு. ஆனாலும் தலைக்கட்டு என் பேரில் இருக்கிறது. என்றாவது நான் திரும்பி வருவேன் என்று நினைத்தானோ என்னவோ, என் பேரையும் கரையில் நின்று கத்தி வைத்திருக்கிறான். அதை என் போனில் ஏற்றிக்கொண்டேன். அதை மூன்று தரம் ஒலிக்க வைக்கும் நிரலை நான் எழுதவில்லை. ஒரு தரம்தான் கூப்பிடுகிறது. கூப்பிடும்போதெல்லாம், சண்டை தீராதவனின் குரலில், "இன்னாடா?" என்று கேட்கிறேன்.

இதை முடித்துவிட்டுக் கீழே என் பேரை எழுதிப் பார்த்தேன். அவன் குரலில் கேட்டுக் கேட்டு, எழுத்தில் அது வேறு யாருடைய பேரோபோல் நிற்கிறது. அழித்துவிட்டேன். யார் எழுதியது என்று லோகுவுக்கும் ஏழுமலைக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது அவன் பேய் இல்லை என்பது மட்டும்தான். பேர் போடாமலே பதிவிடுகிறேன்.